முத்திரை அத்தானின் சங்கீதம்

என் அக்காவின் கணவருக்குச் சங்கீதம் வராது. பொறாமையில் சொல்லவில்லை, எனக்கும் வராது. ஆனால் வராததை வராது என்று ஒப்புக்கொள்ள எனக்குப் புத்தி இருந்தது. அத்தானுக்கு அது இல்லை. அதனால் அவர் கம்ப்யூட்டர் வாங்கினார்.

அவர் எடை அளவை அலுவலகத்தில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துவது உத்தியோகம். முகத்துக்கு நேரே எல்லாரும் 'முத்திரை சார்' என்பார்கள். அவர் தெருமுனை திரும்பியதும் சார் கழன்றுவிடும், வெறும் முத்திரைதான். பித்தளைக் கற்களை வரிசையாகப் பதித்த மரப்பெட்டி ஒன்றைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தைத் திறந்துவைக்கப் போகும் மந்திரி மாதிரி விறைப்பாகப் போவார். கடைக்காரன் டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்க மாட்டார். நேர்மை என்று அக்கா சொல்வாள். டீயில் சர்க்கரை எத்தனை கிராம் என்று தெரியாததால்தான் என்று நான் சொல்வேன்.

வீட்டிலும் அதே கதைதான். சுவரில் ஒரு கடிகாரம், மேஜையில் ஒரு கடிகாரம், கையில் ஒரு கடிகாரம். மூன்றையும் தினமும் காலையில் ரேடியோ மணியோடு ஒத்துப்பார்ப்பார். சாப்பாடு ஏழு நிமிடம் தாமதமானால் கோபப்பட மாட்டார். "ஏழு நிமிஷம்" என்று மட்டும் சொல்வார். கத்திவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றும். அந்த ஏழு நிமிடத்தைக் கேட்டுக்கேட்டு என் அக்கா எப்படிப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவருடைய தொழிலில் ஒரு முறை உண்டு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ஒவ்வொரு எடைக்கல்லின் அடியிலும் ஈயம் அடைத்த சின்னக் குழி இருக்கும். முத்திரை அதில்தான் விழும். மறுமுறை சோதனைக்கு வரும்போது, கல் சரியாக இருந்தால், பழைய முத்திரையை உளியால் குறுக்கே வெட்டி அழித்துவிட்டுத்தான் புது முத்திரை குத்த வேண்டும்.

"ஒரே கல்லுல ரெண்டு முத்திரை இருக்கக் கூடாது மச்சான்," என்பார். "எது செல்லும், எது செல்லாதுன்னு யாருக்குத் தெரியும்? பழசை அடிச்சாத்தான் புதுசுக்கு மதிப்பு."

நான் கேட்டேனா? கேட்கவில்லை. ஆனாலும் சொல்வார். நான் ரேடியோ, டிவி, டேப் ரெக்கார்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். என் கடைப்பக்கம் சோதனைக்கு வரும் நாளெல்லாம் என் ஸ்டூலில் உட்கார்ந்து அரை மணி நேரம் இந்த மாதிரி ஏதாவது போதித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். நான் பற்றவைக்கும் சூட்டுக்கோலை ஈயத்தில் வைத்துப் புகையை அவர் பக்கமாக ஊதுவேன். அதற்கும் அசைய மாட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு நண்பரிடமிருந்து அந்த எந்திரத்தை வாங்கிவந்தார். பார்ப்பதற்கு டைப்ரைட்டரின் மேல்பாதியை மட்டும் அறுத்துவைத்தது போல இருக்கும். திரை கிடையாது, வீட்டு டிவியில் சொருக வேண்டும். ஞாபகசக்தியும் கிடையாது. சுவிட்சை அணைத்தால் அதுவரை செய்த அத்தனையையும் மறந்துவிடும். மறக்காமல் இருக்க வேண்டுமென்றால் சாதாரண டேப் ரெக்கார்டரை அதோடு இணைத்து, சாதாரணப் பாட்டுக் கேசட்டில் ஏற்றி வைக்க வேண்டும். அப்படி ஏற்றிய கேசட்டைப் போட்டுக் கேட்டால் பாட்டு வராது. தகரத்தை ஆணியால் கீறுகிற ஒரே கிறீச்சல்தான் வரும். அந்தக் கிறீச்சலைத்தான் கம்ப்யூட்டர் திரும்பக் கேட்டுப் புரிந்துகொள்ளும்.

கூடவே ஒரு கேசட் வந்தது. அதில் இருந்தது பாட்டெழுதும் புரோகிராம். ஏற்றினால் டிவியில் ஐந்து கோடு தெரியும். அம்புக்குறி பொத்தானை அழுத்தி நோட்டை மேலே கீழே நகர்த்த வேண்டும். அரை, கால், அரைக்கால் என்று நீளத்துக்கு ஒவ்வொரு எண். சரியான இடம் வந்ததும் நீளக் கட்டையைத் தட்டினால் கோட்டில் ஒரு கறுப்பு முட்டை உட்காரும். ஒரு பக்கம் நிறைந்ததும் வாசி என்றால் வாசிக்கும். ஒரே நேரத்தில் மூன்று குரல். மூன்றுமே மூக்கடைத்த குரல்.

அத்தான் அதைப் பார்த்ததும் விழுந்துவிட்டார். இத்தனை வருடமும் சங்கீதம் என்றால் அவருக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று. இப்போது அது அரையும் காலுமாகத் திரையில் வந்து நின்றது. கால் நோட்டு நான்கு சேர்ந்தால் ஒரு முழு நோட்டு. கூட்டிப் பார்த்தால் சரியாக வருகிறது. வேறென்ன வேண்டும்?

"இவ்வளவுதானா மச்சான் சங்கீதம்!" என்றார். "இதுக்கா ஆளாளுக்குக் கண்ணை மூடிக்கிட்டுத் தலையை ஆட்டுறாங்க?"

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. அளக்கச் சொன்னால் அதையும் அளந்திருப்பார்.

நான்கு மாதத்தில் ஒரு அணிவகுப்பு இசை எழுதினார். அலுவலகத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு. விழாவன்று வீட்டு டிவியைத் தூக்கிக்கொண்டு போனார். தூக்கியது நான்தான், அவர் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வந்தார். புரோகிராமை ஏற்ற ஐந்து நிமிடம், பாட்டை ஏற்ற நான்கு நிமிடம். அதுவரை எல்லாரும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அது ஆரம்பித்தது. பத்து விநாடி ஆவதற்குள் மேலதிகாரி முன்வரிசையிலிருந்து திரும்பி, என்னைக் கண்டுபிடித்துக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"நீதானப்பா ரிப்பேர்காரன்? டிவியில என்னமோ கோளாறு. சீக்கிரம் பாரு."

நான் அன்று சிரித்த சிரிப்பு மூன்று நாள் வயிற்றில் வலித்தது. அத்தான் சிரிக்கவில்லை, வருத்தப்படவும் இல்லை. டிவியின் ஒலிபெருக்கி தரமில்லை என்று குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அதே பாட்டைப் பிரிண்டரில் அச்செடுத்துப் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியாரிடம் கொடுத்தார். பிள்ளைகளின் ஊதுகுழல் குழு அதை வாசிக்க வேண்டுமாம். வாத்தியார் நல்ல மனுஷர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மூன்று பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"சார், இதுல இடைவெளியே இல்லையே. ஊதுற பிள்ளை எப்ப மூச்சு விடும்?"

"கம்ப்யூட்டர் நிறுத்தாம வாசிக்குது சார்."

"அதுக்கு நுரையீரல் இல்லையே."

"அப்ப குறை பிள்ளைங்ககிட்டதானே?" என்றார் அத்தான்.

இதை அவரே வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னார். சில பேருக்குப் பதில் சொல்வதைவிட ரேடியோவுக்குள் தலையை விட்டுக்கொள்வது மேல்.

அவருடைய அடுத்த தொல்லை கேசட். பாட்டெழுத எழுத ஏற்றிவைக்கப் புதுக் கேசட் கேட்டுக் கடைக்கு வந்துகொண்டே இருந்தார். அலுவலகப் பயிற்சி உரைகள் அடங்கிய பழைய கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய அவரிடம் இருந்தன. ஆனால் அவற்றில் பதிவாகவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பொத்தான் அழுந்தாது. தெரியாமல்கூட யாரும் மேலே பதிய முடியாது. முக்கியமான கேசட்டுகளில் அதை உடைத்துவைப்பார்கள்.

அன்றைக்குக் கடையில் கூட்டம். ஆளை அனுப்பினால் போதும் என்றிருந்தது.

"அந்த ஓட்டை மேல ஒரு துண்டு ஒட்டு டேப்பை ஒட்டுங்க அத்தான். அவ்வளவுதான். அப்புறம் எதுமேல வேணும்னாலும் பதியலாம்."

"எதுமேல வேணும்னாலுமா?"

"எதுமேல வேணும்னாலும். போயிட்டு வாங்க."

நன்றிகூடச் சொன்னார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா பாடுவாள். மேடையில் இல்லை, துணி காயப்போடும்போது. ஆனால் அவள் மாடியில் பாட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைப்பார்கள். அதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அவளுடைய மகளுக்கு இரண்டு வயதானபோது கழுத்தில் ஒரு வீக்கம் வந்தது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும், குரலுக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே போகிறது, எதுவும் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், கடை விடுமுறையன்று மத்தியானம், அக்கா என் கடைக்கு வந்தாள். வயிறு திறந்து கிடந்த நான்கு டிவிகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "ஒரே ஒரு பாட்டு பிடிச்சு வச்சுக்கடா," என்றாள். நான் மைக்கை வைத்தேன். மகளைத் தூங்கவைக்கப் பாடும் பாட்டு. ஆறு நிமிடம். முடிந்ததும் கேசட்டை எடுத்து, குறடால் அந்தப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்து, மேலே 'அக்கா' என்று எழுதிக் கொடுத்தேன். "பத்திரம். நான் இன்னொரு காப்பி எடுத்து வைக்கிறேன்," என்றேன்.

டாக்டர் பயந்தது நடந்தது. அதற்குப் பிறகு அக்காவின் குரல் உலர்ந்த இலையை மிதித்த மாதிரி ஆகிவிட்டது. பேசலாம், பாட முடியாது. கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டுவாள். கேசட்டைப் பொத்தான் போடும் தகர டப்பாவில் வைத்திருந்தாள். அதைப் போட்டுக் கேட்டதே இல்லை. கேசட் காப்பி எடுப்பது என் தொழில். பத்து நிமிட வேலை. தெருவில் போகிறவனுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அக்காவுடையதைப் பன்னிரண்டு வருடம் எடுக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று பன்னிரண்டு வருடம்.

அந்த டப்பாவை ஒருநாள் அத்தான் திறக்கச் சொன்னார்.

"உன் பாட்டை நோட்டுல எழுதி கம்ப்யூட்டர்ல ஏத்தப்போறேன்," என்றாராம். அக்காவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். மறுநாளே கடைக்கு வந்து அந்த உலர்ந்த குரலில் இரண்டு தடவை சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த மனுஷர் அவளுடைய பாட்டைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும், "நல்லதுதானேக்கா," என்றேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை நடந்தது. ஒருநாள் நானும் போயிருந்தேன். அத்தான் டேப் ரெக்கார்டரின் முன் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். ஒரு வரி ஓடவிடுவார், நிறுத்துவார், பின்னால் சுற்றுவார், மறுபடி ஓடவிடுவார். மேஜைக் கடிகாரத்தை விநாடி முள் தெரியப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். அக்கா எதிரில் உட்கார்ந்து விரலால் மேஜையில் தட்டித் தாளம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த இடத்துல நீ தாளத்துல கால் அடி லேட்டு," என்றார்.

"லேட் இல்லைங்க. அங்க கொஞ்சம் நின்னுதான் எடுக்கணும். பிள்ளை கண்ணை மூடுதான்னு பார்ப்போம்ல?"

"பிள்ளை நோட்டுல இல்லையே. கேளு, நாலு அடி வரவேண்டிய இடத்துல நாலேகால் வருது."

"அப்படித்தாங்க அது."

"பரவாயில்ல, நான் திருத்திடறேன்."

மூச்சு வாங்கும் இடங்களையும் அவர் பென்சிலால் சுழித்துவைத்திருந்தார். அவையும் பிழைதான். தராசுத் தட்டில் அக்காவின் தொண்டையை வைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அவளோ ஒவ்வொரு தடவையும் பொறுமையாக விளக்கினாள். தன் பாட்டைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்தாள்போல.

அந்த வாரங்களில்தான் அக்காவின் மகளும் அதை முதன்முதலாகக் கேட்டாள். பதினான்கு வயது, படிப்பதற்கு வெளியூர் விடுதிக்குப் போக இருந்தாள். பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டவளுக்குப் பாட்டு அரை வரியும் கால் வரியுமாகத்தான் கிடைத்தது.

"மாமா, எனக்கு அம்மா பாட்டு வேணும்," என்று என்னை வாசலில் பிடித்துக்கொண்டாள். "துண்டு துண்டாத்தான் கேட்டேன். முழுசா ஒரு தடவைகூடக் கேட்கல. காப்பி எடுத்துக் குடுங்க, விடுதிக்கு எடுத்துட்டுப் போறேன்."

"நீ கிளம்புறதுக்குள்ள எடுத்துத் தர்றேன்," என்றேன். அவள் கிளம்ப இரண்டு வாரம் இருந்தது. கேசட் உள்ளே மேஜைமேல்தான் இருந்தது. அப்போதே வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். வாங்கவில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டு கேசட் போடும் நல்ல டெக் ஒன்றைக் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு போனேன். கூடத்தில் அவளுடைய பெட்டி திறந்து கிடந்தது. அக்கா சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் பெட்டியின் எடையைப் பார்ப்பதற்குக் கொக்கித் தராசை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். தகர டப்பாவைத் திறந்து கேசட்டைப் போட்டு, பெண்ணைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

கிறீச்சல் வந்தது.

வேறு கேசட்டை எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வெளியே எடுத்துப் பார்த்தேன். 'அக்கா' என்று என் கையெழுத்து. அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'சரிபார்க்கப்பட்டது', போன ஞாயிற்றுக்கிழமைத் தேதி. கேசட்டின் முதுகில், நான் குறடால் உடைத்த இடத்தில், ஓரம் நேராக வெட்டிய ஒரு துண்டு ஒட்டு டேப்.

"என்ன அத்தான் இது?"

"அதுவா? முடிச்சுட்டேன் மச்சான். முழுப் பாட்டும் ஏத்தியாச்சு."

"இதுமேலயா ஏத்துனீங்க?"

"பின்னே? பழசுல பதினேழு இடத்துல பிழை. திருத்தினது ஒண்ணு, திருத்தாதது ஒண்ணுன்னு ரெண்டும் இருந்தா நாளைக்கு எது சரின்னு குழப்பம் வரும். அதான் பழசை அடிச்சுட்டுப் புதுசைப் போட்டேன்."

அறிவில்லாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். யோசித்துச் செய்திருக்கிறார். நிதானமாகக் கத்தரியால் ஒட்டு டேப்பை வெட்டி, ஒட்டி, விரலால் நீவிவிட்டிருக்கிறார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். மனுஷனா நீங்கள், கல்லா என்று கேட்டேன். அவருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே விளங்கவில்லை.

"ஒரு நோட்டுகூடப் போகல மச்சான். வேணும்னா போட்டுக் காட்டறேன், கேளு."

மடித்துக்கொண்டிருந்த சட்டை அக்காவின் மடியில் அப்படியே இருந்தது. அவளுக்கு இன்னும் புரியவில்லையோ, அல்லது புரிந்ததை ஒத்திப்போட்டாளோ, அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

அவர் டிவியைப் போட்டார். புரோகிராமை ஏற்றினார். பிறகு அக்காவின் கேசட்டைத் தன் டேப் ரெக்கார்டரில் போட்டு முதலிலிருந்து ஓடவிட்டார். நான்கரை நிமிடம் கேசட் சுற்றியது. நாங்கள் நான்கு பேரும் ஒரு கட்டிலைச் சுற்றி நோயாளியைப் பார்ப்பது போல டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எல்லாம் ஏறி முடிந்ததும் கம்ப்யூட்டரே டேப் ரெக்கார்டரை நிறுத்தியது. ஐந்து கோடும் கறுப்பு முட்டைகளும் திரையில் வந்தன. அவர் பொத்தானைத் தட்டினார்.

அந்த மூக்கடைத்த குரலில் அக்காவின் பாட்டு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நோட்டுகூடக் குறையவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மூச்சு இல்லை. நாலேகால் அடி எல்லாம் நாலாகிவிட்டிருந்தது. எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டுத் தூங்காது, தூங்குகிற பிள்ளையும் எழுந்துவிடும். அத்தான் ஒரு விரலால் தொடையில் தட்டிக்கொண்டு, எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டை எதிர்பார்த்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா எங்கே?" என்றாள் பெண்.

"இதுதாம்மா. அம்மா பாடினதுதான், பிழையில்லாம," என்றார்.

அக்கா சன்னல் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அழுதால்கூட அவளுக்குச் சத்தம் வராது. அதனால் அழுகிறாளா என்று தெரியவில்லை.

எனக்கு வெறி வந்தது. அவருடைய டேப் ரெக்கார்டரிலிருந்து கேசட்டைப் பிடுங்கினேன். "மிச்சம் என்ன வச்சிருக்கீங்கன்னு எல்லாரும் கேட்கட்டும்," என்று என் டெக்கில் தள்ளிப் பொத்தானை அழுத்தினேன். மிச்சம் எதுவும் இருக்கும் என்று நினைத்துச் செய்யவில்லை. அவர் முகத்தில் அந்தக் கிறீச்சலை மறுபடி எறிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கேசட், கம்ப்யூட்டர் நிறுத்திய இடத்தில், கிறீச்சல் முடிந்த இடத்தில் நின்றிருந்தது. அது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு 'டக்' சத்தம். பிறகு அக்கா பாடினாள்.

கடைசி ஒன்றரை நிமிடம். முதலில் வந்த வரிகளே திரும்ப வரும் பகுதி. நின்று எடுக்கிற இடத்தில் நின்று எடுத்தாள். மூச்சு வாங்கியது கேட்டது. கடைக்கு வெளியே ஏதோ வண்டி போனதும் கேட்டது. பெண் டெக்கின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். சன்னலோரம் அக்கா திரும்பினாள்.

"அது திரும்ப வர்ற இடம்," என்றார் அத்தான், மெதுவாக. "மறுபடி வாசின்னு ஒரு குறி போட்டா போதும். முழுசா எழுத வேண்டியதில்ல. அதான் நீளம் குறைஞ்சுபோச்சு." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். அந்தக் குறியைப் போடாமல், இன்னும் கொஞ்சம் உழைத்து முழுவதையும் எழுதியிருந்தால், இந்த ஒன்றரை நிமிடமும் போயிருக்கும். அது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. அவர் முகம் தொங்கியதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

பாட்டு முடிந்தது. நான் நிறுத்தக் கையை நீட்டினேன். கேசட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் மைக்கை உடனே அணைக்கவில்லை என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

"போதுமாடா?" என்றாள் அக்கா, கேசட்டில், பழைய குரலில். "நடுவுல இருமிட்டேன்ல? இன்னொரு தடவை பாடட்டுமா? நாளன்னைக்கு எப்படி இருக்குமோ. இன்னும் ரெண்டு பாட்டுகூடப் பாடறேன்டா."

பிறகு ஒரு இளவட்டக் குரல். அலுத்துக்கொள்ளும் குரல். பக்கத்தில் எதையோ திருகிக்கொண்டே பேசும் குரல்.

"போதும்க்கா. எல்லாம் பதிஞ்சிருச்சு. எனக்கு வேலை கிடக்கு."

டக்.

அத்தான் என்னைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் குனிந்து கொக்கித் தராசை எடுத்து உறையில் போட்டுக்கொண்டார்.

அக்கா வந்து டெக்கின் முன்னால் உட்கார்ந்தாள். கேசட்டை எடுத்து, அந்த ஒட்டு டேப்பை நகத்தால் உரித்தாள். உரித்ததைச் சுருட்டி அத்தான் கையிலும் கொடுக்கவில்லை, என் கையிலும் கொடுக்கவில்லை, தன் சேலையில் செருகிக்கொண்டாள்.

"இருக்கிறதைக் காப்பி எடுத்துக் குடு," என்றாள் அந்த உலர்ந்த குரலில்.

"எடுக்கிறேன்க்கா. கடைசியில நான் பேசுறதை வெட்டிடறேன்."

"வேண்டாம். அதுவும் இருக்கட்டும்," என்றாள். "அம்மா ஏன் ஒரே ஒரு பாட்டோட நிறுத்திட்டான்னு அவ என்னைக் கேட்கக் கூடாது."

அன்று மத்தியானமே மூன்று காப்பி எடுத்தேன். சரியாகப் பதிந்திருக்கிறதா என்று மூன்றையும் கடைசிவரை கேட்க வேண்டியிருந்தது.